கடைசித் தெருவுக்கும் குழாய் வரவேண்டும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடிதண்ணீர் கேட்டு மனுக் கொடுக்காத காலனி உண்டா? கக்கூஸ் கேட்டு அலையாத தொழிலாளர் குடியிருப்பு உண்டா? ஆலைத் தொழிலாளி நகரசபையிடம் கேட்கிறார். விவசாயத் தொழிலாளி பஞ்சாயத்திடம் கேட்கிறார். தனித்தனியே கேட்கிறோம், தனித்தனியே திருப்பி அனுப்பப்படுகிறோம். இருவரும் சேர்ந்து கேட்டால் என்ன ஆகும்? தென் அமெரிக்காவிலே ஓர் ஊர் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

பொலிவியா நாட்டில் கொச்சபம்பா என்று ஒரு நகரம். தண்ணீர்ப் பஞ்சம் பழகிப்போன ஊர். குடிநீரைத் தனியாரிடம் விடுங்கள் என்று ஏழை நாடுகளை உலக வங்கி வற்புறுத்தி வந்த காலம். 1999-ஆம் ஆண்டு அந்நாட்டு சர்க்கார் நகரக் குடிநீரை ஏலம் விட்டது. ஏலம் கேட்க வந்தது ஒரே ஒரு கூட்டுக் கம்பெனி. அதில் முக்கியப் பங்காளி அமெரிக்கப் பெருமுதலாளியான பெக்டெல். 40 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம்! கூடவே ஒரு சட்டமும் வந்தது. மக்கள் கைக்காசு போட்டு வெட்டிய கூட்டுறவுக் கிணறுகளும், குடியானவர்கள் பரம்பரையாகப் பாய்ச்சி வந்த நீரும் பறிபோகும் அபாயம் ஏற்பட்டது.

2000 ஜனவரியில் புதிய கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்தது. பல குடும்பங்களுக்குக் கட்டணம் இரட்டிப்பாகியிருந்தது.

மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. செருப்பு ஆலையில் மெஷின் ஓட்டிய ஆஸ்கார் ஒலிவேரா என்ற தொழிலாளியின் தலைமையில் ஆலைத் தொழிலாளர் சங்கத்தார் எழுந்தனர். கிராமத்துக் குடியானவர்கள் நகரத்துக்குள் வந்து அவர்களோடு கைகோத்தனர். சாலைகள் மறிக்கப்பட்டன. நகரமே ஸ்தம்பித்தது. ஏப்ரலில் சர்க்கார் நெருக்கடி நிலை பிரகடனம் செய்தது. விக்டர் ஹ்யூகோ தாசா என்ற 17 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போதும் மக்கள் கலையவில்லை. ஏப்ரல் 10-ஆம் தேதி சர்க்கார் பணிந்தது. கம்பெனி வெளியேறியது.

பிறகு 2010 ஜூலை 28-ஆம் தேதி, அதே பொலிவியா முன்மொழிய, சுத்தமான குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் செய்தது. ஆதரவாக 122 நாடுகள் வாக்களித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

தோழர்களே! கதை இத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. அந்நகரின் தென்பகுதியிலே ஏழைகளின் குடியிருப்புகள். கம்பெனி போன பின்பும் பல ஆண்டுகள் அங்கே பல தெருக்களில் குழாய் கிடையாது. லாரித் தண்ணீரை, குழாய்த் தண்ணீரைவிட அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கம்பெனியை விரட்டுவது பாதி வேலை. கடைசித் தெருவுக்குக் குழாயைக் கொண்டு போவதுதான் மீதி வேலை.

நம் ஊருக்கு வருவோம். 2018-இல் கோவை மாநகராட்சியின் குடிநீர் விநியோகத் திட்டம் சூயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கு 26 ஆண்டு ஒப்பந்தத்தில் தரப்பட்டது. இடதுசாரிக் கட்சிகள் அதை எதிர்த்துப் போராடின. கட்டணம் நிர்ணயிப்பது மாநகராட்சிதான் என்று அதிகாரிகள் கூறினர். அந்த வாக்கைக் காப்பாற்ற வைப்பது யார்? விழிப்போடிருக்கும் மக்கள்தான்.

கிராமத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்பது மத்திய சர்க்கார் 2019-இல் தொடங்கிய திட்டத்தின் கணக்கு. குழாய் நட்டுவிட்டால் தண்ணீர் வந்துவிட்டதாகுமா? எத்தனை குடம் வருகிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று நீங்களே தெருத்தெருவாக எழுதுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் வந்தால் சாக்கடையும் வேண்டும். அச்சாக்கடையில் நம் சகோதரன் இறங்கிச் சாகக்கூடாது. கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பணம் கொடுத்தால் போன உயிர் வருமா? மெஷின் வேண்டும், மனிதன் இறங்கக்கூடாது. இதுவும் நம் கோரிக்கையே.

மே தினத்தன்று கிராம சபை கூடும். கணக்கெழுதிய நோட்டோடு போங்கள். ஆலைச் சங்கத்தார் காலனிக்கு வரட்டும். காலனி மக்கள் நகரசபை வாசலுக்கு வரட்டும். கொச்சபம்பாவில் வென்றது அந்த ஒற்றுமைதான். இங்கேயும் அதுதான் வெல்லும்!