எல்லைக் கல்லும் நல்லெண்ணமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் நில அளவையாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சமயச் சொற்பொழிவு செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால் கோயிலுக்கும் என் தொழிலுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே தொடங்கியது. தலைமை தாங்கியவர் வில்லியம் லாம்டன். அவருக்காக இலண்டனில் செய்த தியோடலைட்டு என்னும் கோணமானி ஏறத்தாழ அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பெட்டியில் இருப்பது பூமியை அளக்கும் கருவி என்று அறிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைப் பாராட்டுரையுடன் சென்னைக்கே அனுப்பி வைத்தார். அறிவுப் பணிக்குப் பகைவனும் செய்த மரியாதை அது.

அந்தக் கருவி பிறகு சென்ற இடம் எது தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயில்! காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னந்தோப்புகள் பார்வையை மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808 இல் பெரிய கோயில் விமானத்தின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, சுமார் ஆறு வாரம் பாடுபட்டுத் தம் கையாலேயே சீர்செய்தார்.

இதற்கும் நம் நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டு, அந்த அளவைப் பணியின் பயனாக 1830 இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். அதைச் சற்றே திருத்தித்தான் தீபகற்ப மலேசியாவின் வரைபடங்களை நெடுங்காலம் வரைந்தார்கள். 2003 இல்தான் செயற்கைக்கோள் வழி அமைந்த புதிய அடிப்படை வந்தது. தமிழகத்தில் தொடங்கிய அளவை, கடல் கடந்து நமக்கு முன்பே இங்கு வந்து காத்திருந்தது போலும்!

இனி, என் அனுபவம் ஒன்று. 1986 இல் ஒரு சிற்றூர்க் கோயிலுக்கும் பக்கத்து நிலத்தாருக்கும் எல்லைத் தகராறு. எட்டு அடி நிலம் தங்களுடையது என்றார்கள் அவர்கள். அந்த எட்டு அடிக்குள்தான் மதுரை வீரன் சந்நிதி இருந்தது. மூலைக் கற்களில் ஒன்றைக் காணவில்லை. கோயில் சார்பில் நானும், எதிர்த்தரப்புக்காக ஒரு சீன நண்பரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே காலையில் அங்கு வந்து சேர்ந்தோம். அதற்கு முன் ஒருவரையொருவர் அறியோம்.

அவரிடம் அந்த நிலத்தை 1938 இல் அளந்தபோது எழுதிய களப்புத்தகத்தின் நகல் இருந்தது. என்னிடம் இல்லை. அவர் அதை மறைத்திருக்கலாம். மறைக்காமல், காரின் முன்மூடி மேல் விரித்துவைத்து, "வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்" என்றார். பார்த்தேன், மெய்சிலிர்த்தது. அதில் கையெழுத்திட்டிருந்தவர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த யாழ்ப்பாணத்துப் பெரியவர்!

அவர் குறித்திருந்த தூரங்களை இருவரும் தனித்தனியே அளந்தோம். இரண்டு அளவும் ஒரே இடத்தைக் காட்டின. அரசமரத்து வேர்களுக்கடியில் ஒன்றரை அடி ஆழத்தில் கல் கிடைத்தது. சந்நிதி முழுவதும் கோயில் நிலத்திலேயே இருந்தது. ஆனால் கோயில் மடப்பள்ளியின் கொட்டகை இரண்டடி பக்கத்து நிலத்தில் நின்றது. சந்நிதி விவரத்தை அவர் தம் தரப்பாரிடம் சொன்னார்; கொட்டகை விவரத்தை நான் கோயில் நிர்வாகத்தாரிடம் சொன்னேன். இருவருக்குமே அது இனிப்பான வேலையன்று. நிர்வாகத்தார் கொட்டகையைப் பிரித்துக்கொண்டார்கள். பக்கத்து நிலத்தார் வழக்கைக் கைவிட்டார்கள். கூலி கொடுப்பவர் யாராயினும், நில அளவையாளன் கல்லுக்கே கட்டுப்பட்டவன்.

அன்பர்களே, நம் முன்னோர் தோட்டப்புறங்களில் எழுப்பிய கோயில்கள் பலவற்றுக்கு நிலப்பட்டா இல்லை. பட்டா உள்ள இடங்களிலும் கல் எங்கே என்று கேட்டால் காட்ட ஆளில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். திருப்பணிக்குக் கால் நாட்டுமுன் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். பட்டாவின் நகலை ஒருவர் வீட்டுப் பெட்டியில் பூட்டாமல் ஆலய அலுவலகத்தில் வையுங்கள். எல்லைக் கல்லைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். அதன்மேல் சிமெண்டு பூசி மறைத்துவிடாதீர்கள். நீங்கள் மனமுவந்து அளிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் உறுதியான மண்ணில் நிற்க இதுவே வழி.

அண்டை வீட்டாருடன் தகராறு வந்தால், முதலில் அவர் கையிலுள்ள காகிதத்தைப் பணிவோடு கேட்டுப் பாருங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள். இறைவன் திருவருள் துணைநிற்கும்.