தேய்மானச் சதவீதம்
(உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவு மாட்டை ஐந்தாண்டு கழித்து வாங்கிய விலைக்கே விற்க இயலாதென்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு வாங்கிய எண்ணெய்ச் செக்கும் அத்தகையதே. ஆண்டுதோறும் அதன் மதிப்பில் குறைத்து எழுதும் தொகையே தேய்மானம். இன்று அதனைக் கணினியிலுள்ள கணக்கு மென்பொருள் கணித்துத் தருகிறது. கணினி கூறுவது தவறாகாதென்று பலர் நம்புகின்றனர். அது செய்வது பெருக்கல் மட்டுமே. எந்தச் சதவீதத்தால், எம்முறையில் என்று இடுபவர் மனிதரே.

ஒரு லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் 15,000 ரூபாய் குறையும். குறைந்துசெல் மதிப்பு முறையிலோ, முதலாண்டு 15,000. மறு ஆண்டு எஞ்சிய 85,000-க்கு மட்டும் கணித்து 12,750. பத்தாண்டு சென்ற பின்னும் ஏறத்தாழ 19,687 ரூபாய் ஏட்டில் நிற்கும். சதவீதம் ஒன்றே, முறை மாறினால் கணக்கும் மாறிவிடுகிறது.

இனி, சட்டம் என்ன கூறுகிறது? 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பொதுவகை இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் குறிக்கிறது. இறுதியில் விலையில் 5 சதவீதம் எஞ்சுமெனக் கொண்டால், நேர்கோட்டு முறையில் 6.33 சதவீதமும், மற்ற முறையில் 18.10 சதவீதமும் வரும். வருமான வரிக்கோ அதே இயந்திரத்துக்கு 15 சதவீதம், கணினிக்கு 40. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் வரிக் கணக்கில் பாதியே கிடைக்கும். ஆகையால் பயன்பாட்டுக்கு வந்த தேதியும் சரியாக இருத்தல் வேண்டும். விலைச்சீட்டின் தேதியை இட்டுவிடுவது நாம் அடிக்கடி காணும் பிழை.

நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். ஒரு நிறுவனத்தில் 4,00,000 ரூபாய்ச் செக்குக்கு 18.10 என்று இட வேண்டிய இடத்தில், கணக்கர் 1.81 என்று இட்டுவிட்டார். 72,400 ரூபாய் கழிய வேண்டிய ஆண்டில் 7,240 மட்டுமே கழிந்தது. 65,160 ரூபாய் இலாபம் போலத் தோன்றிற்று; அங்கத்தினர்கள் மகிழ்ந்து அதனைப் பங்கிட்டுக்கொண்டனர். கணக்கரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. இயக்குநர்கள் அனைவரும் கையொப்பமிட்டிருந்தனர். மூன்றாம் ஆண்டு மோட்டார் எரிந்தபோது கையிருப்பில் பணமில்லை. நிலக்கடலை வரத்து மிகுந்த மாசி மாதத்தில் செக்கு நின்றது. பங்கு வாங்கிய உழவர்களே தம் கடலையை வெளி வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்கு விற்க நேர்ந்தது.

ஆதலால் இவ்வாண்டுக் கணக்கில் கையொப்பமிடுமுன், சொத்துக்களின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றின் விலை, பயன்பாட்டுக்கு வந்த தேதி, முறை, சதவீதம் ஆகியவற்றை உரக்கப் படிக்கும்படி கணக்கரைக் கேளுங்கள். ஒரு சொத்துக்கேனும் காகிதத்தில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். பங்காதாயப் பேச்சை அதன் பின்னர் எடுக்கலாம்.