கருவி கெடவில்லை, கைவிடப்பட்டது

(‘விலை உயர்ந்த கைக்கணினிகளுக்கு உற்பத்தியாளர்கள் தொடர்ந்து மென்பொருள் மேம்பாடு வழங்க வேண்டுமா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துமேடையில், ‘வழங்கத்தான் வேண்டும்’ என்ற அணியில் பேசியவரின் உரை)



என் மாமியாருக்கு வயது எழுபத்து மூன்று. ஈசூனில் எங்களோடு இருக்கிறார். 2019ஆம் ஆண்டு இறுதியில் நடந்த ஒரு கணினி விற்பனைச் சந்தையில் என் கணவர் அவருக்கு ஒரு கைக்கணினி வாங்கித் தந்தார். கழிவு போக விலை 900 வெள்ளி. கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். கைபேசியின் சிறிய எழுத்தைப் படிக்க அவருக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. பெரிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கித் தமிழ்ச் செய்தி படிப்பார். தஞ்சாவூரில் இருக்கும் தங்கையோடு முகம் பார்த்துப் பேசுவார். வங்கிக் கணக்கையும் தாமே பார்த்துக்கொள்வார். “பணம் வந்துச்சா வரலையான்னு பிள்ளைகிட்ட போய் நிக்க வேண்டியதில்லை பாரு” என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

2024இல் ஒருநாள் அவருடைய வங்கிச் செயலி திறக்க மறுத்தது. “உங்கள் கருவியின் இயங்குதளம் பழையது, மேம்படுத்துங்கள்” என்று திரையில் ஒரு வரி வந்தது. மேம்படுத்தப் போனால், “உங்கள் கருவியில் ஆகக் கடைசி மென்பொருள் இருக்கிறது” என்று இன்னொரு வரி வந்தது. இரண்டு வரிகளுக்கும் நடுவில் என் மாமியார் மாட்டிக்கொண்டார். நான் வேலை முடிந்து வீடு திரும்பியதும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “ஏம்மா, நான் எதையாவது தப்பா அழுத்திக் கெடுத்துட்டேனா?”

நடுவர் அவர்களே, அவர் எதையும் கெடுக்கவில்லை. திரையில் ஒரு கீறல் இல்லை. மின்கலம் அரை நாள் தாங்கியது. விசாரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த மாதிரி சந்தைக்கு வந்தது 2017இல். மூன்றாண்டு மேம்பாடு என்று கணக்கு வைத்து 2020இல் நிறுத்திவிட்டார்கள். அதாவது, நாங்கள் 2019இல் காசு கொடுத்து வாங்கியபோது அதற்கு மிச்சம் இருந்த ஆயுள் ஓராண்டு. விற்றவர் அதைச் சொல்லவில்லை. பெட்டியிலும் எழுதவில்லை.

எதிரணி நண்பர் சற்று முன் ஒரு கேள்வி கேட்டார். “குளிர்பதனப் பெட்டி வாங்கினால் பத்து ஆண்டுக்கு இலவசமாக எதையாவது சேர்த்துத் தரச் சொல்கிறோமா?” என்றார். நல்ல கேள்வி. குளிர்பதனப் பெட்டி பழுதானால் எனக்குப் பிடித்த பழுதுபார்ப்பவரை நான் அழைத்துக்கொள்ளலாம். கம்பனிக்காரர் வராவிட்டால் பக்கத்துப் புளோக்கில் தெரிந்தவர் வருவார். கைக்கணினியில் அது முடியுமா? பெரும்பாலான கைக்கணினிகள், தயாரித்த நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டுதான் கடைக்கு வருகின்றன. அந்தப் பூட்டு திருடனுக்கும் நச்சுநிரலுக்கும் எதிரானது, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாவி ஒருவர் கையில்தான் இருக்கிறது.

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். இங்கே யானையை 900 வெள்ளிக்கு நமக்கு விற்றுவிட்டார்கள், அங்குசத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். என் வாதம் இதுதான். வேறு யாரும் சரிசெய்ய முடியாதபடி ஒரு பொருளைப் பூட்டி விற்பவருக்கு, அதைச் சரிசெய்து தரும் கடமையும் உண்டு. உரிமை மட்டும் எனக்கு, கடமை யாருக்கோ என்று சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மேம்பாடு என்றால் இரண்டு வகை. ஒன்று அலங்காரம்: புதிய வடிவம், புதிய வசதி, புதிய விளையாட்டு. இன்னொன்று பாதுகாப்பு: இயங்குதளத்தில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அடைப்பது. முதலாவதை நான் காலமெல்லாம் கேட்கவில்லை. பழைய சில்லு புதிய பாரத்தைத் தாங்காது என்பதையும் அறிவேன். பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2018இல் இத்தாலியின் போட்டித்தன்மை ஆணையம் ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சாம்சுங்கிற்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது. மேம்பாடுகளைப் போடச் சொல்லி வாடிக்கையாளர்களின் பழைய கைபேசிகளைத் தடுமாறச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆகவே அலங்காரம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு வேண்டும். நான் கேட்பது இரண்டாவதை. ஓட்டையை அடையுங்கள்.

அடைக்காவிட்டால் என்ன? 2017 மே மாதம் ‘வானாகிரை’ என்ற நச்சுநிரல் உலகைக் கலக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே அடைப்பு வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2014இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட, நிலைமையைப் பார்த்து, அந்த நிறுவனம் அவசரமாக ஓர் அடைப்பு வெளியிட்டது.

“முடியாது, செலவு தாங்காது” என்கிறார்கள். முடிந்த கதையைச் சொல்கிறேன். முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. 2012 செப்டம்பரில் வந்த புதிய இயங்குதளம் அதற்கு இல்லை என்றாகிவிட்டது. இரண்டரை ஆண்டுகூட நிற்கவில்லை. அதே நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு ஐபேட் ஏர் 2, 2021இல் வந்த இயங்குதளத்தையும் பெற்றது. அதாவது ஏழு ஆண்டுகள்! 2012இல் வந்த நான்காம் தலைமுறை ஐபேட்டின் சிம் அட்டை போடும் வகைக்கு, ஜிபிஎஸ் தேதிக் கணக்கில் வரவிருந்த சிக்கலைத் தீர்க்க 2019 ஜூலையில் சின்ன மேம்பாடு ஒன்றை அனுப்பினார்கள். பெரிய புதுமை எதுவும் இல்லை. ஒரு சின்ன அடைப்பு, அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்ட் கருவிகளில் சிரமம் கூடுதல் என்பது உண்மை. கூகல் இயங்குதளத்தைத் தரும், சில்லு தயாரிப்பவர் அதற்கான துணை மென்பொருளைத் தர வேண்டும், பிறகு கருவி தயாரிப்பவர் எல்லாவற்றையும் பொருத்திச் சோதிக்க வேண்டும். சில்லுக்காரர் கைவிட்டால் மற்றவர்களும் நின்றுவிடுவார்கள். ஆனால் அது அவர்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். சமையலறையில் யாருக்கு யாரோடு சண்டை என்பது சாப்பிட வந்தவருக்கு எதற்கு? அந்த ஒப்பந்தத்தை நீட்டவும் முடிந்திருக்கிறது. 2023இல் கூகல் தன் பிக்சல் 8 கைபேசிக்கு ஏழாண்டு மேம்பாடு என்று அறிவித்தது. 2024இல் சாம்சுங் தன் டேப் எஸ்10 வரிசைக் கைக்கணினிக்கும் ஏழாண்டு என்றது. குரோம்புக் மடிக்கணினிகளுக்குப் பத்தாண்டு என்று 2023இல் கூகல் சொன்னது. போட்டி வந்ததும் முடியாதது முடிந்துவிட்டதே!

“அந்தச் செலவை விலையில் ஏற்றிவிடுவார்களே” என்பது அடுத்த வாதம். ஏற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 வெள்ளிக் கருவி மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 300 வெள்ளி. ஐம்பது வெள்ளி கூட்டிக் கொடுத்து எட்டு ஆண்டு உழைத்தால், ஆண்டுக்கு 120 வெள்ளிகூட ஆகாது. இதில் எது மலிவு?

இது மூத்தோர் பிரச்சினை மட்டுமல்ல. 2021இலிருந்து நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் கற்றல் கருவி ஒன்று இருக்கிறது. சில பள்ளிகளில் அது கைக்கணினி. எடுசேவ் பணத்தையும் கைப்பணத்தையும் போட்டு வாங்குகிறோம். அண்ணன் படித்து முடித்ததைத் தம்பி பயன்படுத்த முடியுமா, முடியாதா என்பது பல குடும்பங்களில் சின்ன விஷயம் அல்ல.

குப்பையையும் நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கூறியிருக்கிறது. 2021 ஜூலை முதல், இங்கே விற்கப்படும் மின்னணுப் பொருட்கள் கழிவானதும் அவற்றைத் திரட்டி முறையாகக் கையாளும் பொறுப்பில் உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்கும் பங்கு உண்டு என்று சட்டம் ஆகியிருக்கிறது. பொருள் செத்த பிறகு அடக்கம் செய்யும் கடமை அவர்களுக்கு உண்டென்றால், உயிரோடு இருக்கும்போது மருந்து கொடுக்கும் கடமை மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் கைபேசிக்கும் கைக்கணினிக்கும் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. அந்த மாதிரியின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இயங்குதள மேம்பாடுகள் கிடைக்க வேண்டும். கடைசிக் கருவி என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல் இருந்திருந்தால், 2019இல் வாங்கிய என் மாமியாரை 2020இல் கைவிட்டிருக்க முடியாது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுதுக்குப் பயனீட்டாளர் பக்கம் நிற்கிறது. ஆனால் நான்காம் ஆண்டில் மென்பொருள் நின்றுபோவதை யார் கேட்பது? 2020 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய முத்திரைத் திட்டம் இருக்கிறது. வைஃபை கருவி, வீட்டுக் கேமரா போன்றவற்றுக்கு அதில் நான்கு நிலைகள். முதல் நிலையைப் பெறவே மென்பொருள் மேம்பாடு வழங்க வேண்டும். வீட்டுக் கேமராவுக்குச் சரியாகத் தெரிந்த நியாயம், வங்கிக் கணக்கைத் திறக்கும் கைக்கணினிக்கும் சரியானதுதானே?

ஆகவே நான் கேட்பவை மூன்று. முதலாவது, ரொட்டிப் பொட்டலத்தில் தேதி இருப்பதுபோல், ‘பாதுகாப்பு மேம்பாடு இந்த நாள் வரை’ என்று பெட்டியின் மேல் அச்சிடுங்கள். மலிவுக் கருவியானாலும் இது வேண்டும். இரண்டாவது, விலை உயர்ந்த கருவிக்கு, கடைசியாக விற்ற நாளிலிருந்து ஏழு ஆண்டாவது ஓட்டைகளை அடையுங்கள். மூன்றாவது, நிறுத்தும் நாள் வந்தால் பூட்டைத் திறந்து விடுங்கள். நீங்கள் பார்க்காத பொருளை, பார்க்கத் தெரிந்த வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நிறைவாக, என் மாமியார் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பழைய கைக்கணினியை அவர் தூக்கிப் போடவில்லை. இணையத்தை நிறுத்தி, சேமித்து வைத்த பழைய பாடல்களைச் சமையலறையில் கேட்கிறார். புதிது வாங்கப் போனபோது அவரும் கூட வந்தார். விற்பனையாளர் இளைஞர், கேமரா எப்படி, திரை எப்படி என்று அழகாக விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மாமியார் கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பி, இதை எத்தனை வருஷத்துக்குப் பார்த்துக்குவாங்க?”

அந்த இளைஞர் தம் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் விடை இல்லை.

நடுவர் அவர்களே, அந்த விடை பெட்டியில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் அணியின் கோரிக்கை.