ஓய்விலும் பங்கு உண்டு



பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் தோட்டத்தில் நமக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நேரம் எங்கே சார் இருக்கு?" கோயிலுக்குப் போய் நாளாயிற்றே என்றாலும் அதே பதில். கணவனும் மனைவியும் அமர்ந்து நான்கு வார்த்தை பேசி நாளாயிற்றே என்றாலும் அதே பதில்தான். வேலை, இல்லறம், இறைவழிபாடு, பொழுதுபோக்கு ஆகிய நான்கையும் ஒரே வாழ்க்கையில் எப்படி இணக்கமாக நடத்திச் செல்வது என்பதே இன்று நாம் சிந்திக்கப் போகும் பொருள்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். பால்மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலையில். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவேதான் பால்வெட்டும் குடும்பம் ஊர் உறங்கும்போதே எழுந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரிக் கத்தி, ஒரே மாதிரிக் கொசுக்கடி. எடைபோடும் தராசுக்கு ஆண்பால், பெண்பால் என்ற வேறுபாடு கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மரத்துப்பால் ஒன்றுதான். செம்பனைத் தோட்டத்திலும், கணவன் குலையை வெட்டித் தள்ள, மனைவி உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சேர்க்கிறாள். இருவர் உழைப்பும் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது.

அப்படியானால் வேறுபாடு எங்கே தொடங்குகிறது? வேலை முடிந்து வீட்டு வாசற்படி ஏறும்போது தொடங்குகிறது.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு பயிற்சி கொடுத்தோம். தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் அப்பாவின் ஒருநாள், மறுபக்கம் அம்மாவின் ஒருநாள் என்று எழுதச் சொன்னோம். அப்பாவின் பக்கத்தில் வேலை, குளியல், சாப்பாடு, சிறு தூக்கம், பந்துத் திடல், தொலைக்காட்சி என்று வரிசை இருந்தது. அம்மாவின் பக்கம் தாளின் அடிவரை நிறைந்து, பின்புறமும் போனது. அம்மாவின் பொழுதுபோக்கு என்ன என்ற இடத்தில் ஒரு சிறுமி "துணி மடிப்பது" என்று எழுதியிருந்தாள். அவள் வேடிக்கைக்காக எழுதவில்லை. எல்லாரும் தொலைக்காட்சி பார்க்கும்போது அம்மா கையில் அவள் கண்டது அதுதான்.

நேயர்களே, நேரம் இல்லை என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்தபோது நமக்கு வேறொன்று புலப்பட்டது. வீட்டில் ஓய்வு நேரம் அடியோடு இல்லாமல் இல்லை. அது ஒரு பக்கமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. சம்பளப் பணம் வந்தால் அரிசிக்கு, பள்ளிக்கு, மருந்துக்கு என்று பங்கிடுகிறோம். ஓய்வும் அதுபோல வீட்டின் பொதுச் சொத்துத்தான். அதையும் பங்கிட வேண்டும் என்பதே நாம் இன்று சொல்ல விரும்பும் செய்தி.

இதற்கு நமக்குத் தெரிந்த பால்மரமே சான்று. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை ஏன் வந்தது? மரத்துக்கு ஓய்வு கொடுத்தால்தான் பால் மீண்டும் ஊறும். ஓய்வின்றி அளவுக்கு மீறி வெட்டிய மரத்தில் வெட்டுப்பட்டை வறண்டு, பால் வராமலே நின்றுவிடுவதுண்டு. கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்படும். புதிய பட்டை சீராக வளராது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்துக்குக் கேடு வராமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து காட்டிய பிறகுதான் இந்நாட்டில் இரப்பர்த் தொழில் வேர் பிடித்தது. மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று அறிந்த நாம், வீட்டில் இருக்கும் மனுஷிக்கு அது வேண்டும் என்பதை மறந்துவிடலாமா?

சட்டமும் இதை ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு உண்டு. அச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தன. வாரத்துக்கு 48 மணியாக இருந்த வேலை நேர வரம்பு 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையாகும் தொழிலாளிக்கும் சில நிபந்தனைகளுடன் 7 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை கிடைத்தது. அந்த 7 நாள் எதற்காக? நண்பர்களுக்கு விருந்து வைப்பதற்கா? தாயும் சேயும் இருக்கும் வீட்டில் அடுப்பையும் துணியையும் தந்தை பார்த்துக்கொள்வதற்கு அல்லவா?

அடுத்து, இறைவழிபாட்டை எடுத்துக்கொள்வோம். தைப்பூசம் வருகிறது, கணவன் விரதம் இருக்கிறான். மிக நல்லது. ஆனால் அவனுக்குத் தனிச் சமையல், தனிப் பாத்திரம், வீடு முழுவதும் கழுவித் துடைப்பு. இவையெல்லாம் யார் தலையில் விழுகின்றன? விரதம் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு என்று ஆகிவிடுகிறது. தம் பாத்திரத்தைத் தாமே கழுவுவதும் விரதத்தின் ஒரு பகுதி என்று கொண்டால் பக்தி குறைந்துவிடாது; கூடவே செய்யும். திருவிழாக் கூட்டங்களுக்காகக் கணவன் இரவெல்லாம் கோயிலில் இருந்தால், மறுவாரம் மனைவி பஜனைக்குப் போக அவன் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கட்டும். எப்படியும் மாலையில் விளக்கேற்றும் பத்து நிமிடம் குடும்பமே ஒன்றாக நிற்கட்டும்.

"ஆம்பிளை பாத்திரம் கழுவினால் லயத்தில் சிரிப்பார்களே" என்று சிலர் நினைக்கலாம். கோயில் அன்னதானத்தில் பெரிய அண்டாவில் சோறு வடித்து, சாம்பார் கிண்டி, நூற்றுக்கணக்கானோருக்குப் பந்தி பரிமாறுவது யார்? ஆண்கள்தாமே! கோயில் கொட்டகையில் கரண்டி பிடிப்பது தொண்டு என்றால், வீட்டில் அதே கரண்டியைப் பிடிப்பது எப்படி இழுக்காகும்?

தாய்மார்களுக்கும் ஒரு சொல். கணவர் கூட்டிய இடத்தில் குப்பை மிஞ்சியிருந்தால், துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். முதல் நாளிலேயே எவருக்கும் பால்வெட்டு வந்துவிடவில்லை. மகளைத் தண்ணீர் கொண்டுவா என்று ஏவும்போது, அருகில் கைப்பேசியோடு இருக்கும் மகனையும் எழுப்புங்கள். நாளை அவன் வீட்டுக்கு வரப்போகும் பெண் உங்களை வாழ்த்துவாள்.

இனி, செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: வாரத்தில் ஒருநாள் மாலை, கணவனும் மனைவியும் அரைமணி நேரம் அமர்ந்து, அடுத்த வாரத்தை நாட்காட்டியில் எழுதுங்கள். வேலை நாள், கோயில் காரியம், பள்ளிக் கூட்டம், பந்தாட்டம் எல்லாம் அதில் வரட்டும். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் பேனாவைக் கொடுங்கள்.

இரண்டு: வீட்டு வேலைகளில் ஏதேனும் ஒன்றைக் கணவர் முழுமையாக ஏற்றுக்கொள்ளட்டும். "உனக்கு உதவுகிறேன்" என்பது வேறு. "இது என் வேலை" என்பது வேறு. துணியோ, பாத்திரமோ, பிள்ளைகளின் குளியலோ, ஒன்றை ஏற்றால் நாள் தவறாமல் செய்ய வேண்டும்.

மூன்று: வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மனைவியின் பெயரில் நாட்காட்டியில் எழுதப்படட்டும். அந்த நேரத்தில் அவர் தையல் பழகலாம், புத்தகம் படிக்கலாம், தோழியின் வீட்டுக்குப் போகலாம், சும்மா படுத்தும் கிடக்கலாம். கணக்குக் கேட்கக் கூடாது. பந்துத் திடலில் கழிந்த மாலைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லையே!

திருவள்ளுவர் இல்வாழ்க்கைக்கு ஓர் அதிகாரமும், அதையடுத்து வாழ்க்கைத் துணைநலத்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். துணை என்றால் சுமையில் மட்டும் துணை அன்று, ஓய்விலும் துணைதான். இளைப்பாறிய மனைவியோடு பேசினால் பேச்சில் சண்டை குறையும். வழிபாட்டில் மனம் நிற்கும். மறுநாள் வேலையிலும் கை தளராது. நான்கையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டியதில்லை. ஓய்வைச் சமமாகப் பங்கிட்டால் மற்றவை தாமே சீர்ப்படத் தொடங்கும்.

அடுத்த ஆண்டு அதே பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். அம்மாவின் பொழுதுபோக்கு என்ற இடத்தில் உங்கள் பிள்ளை என்ன எழுதும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.