தொண்ணூறு நாள் கணக்கு யார் கையில்?

(கட்டுமானத் தொழிற்சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று பெரும் கட்டுமான நிறுவனங்கள் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கட்டடம் முழுவதையும் கணினிக்குள் எழுப்பிவிடுகின்றன. கட்டடத் தகவல் மாதிரியாக்கம் எனப்படும் இம்முறையில் ஒவ்வொரு தூணும் சுவரும் குழாயும் அளவுகளோடு பதிவாகின்றன. எத்தனை டன் கம்பி தேவை, எந்த வாரத்தில் எந்தத் தளம் எழும்ப வேண்டும், அதற்கு என்ன செலவு என்பவை அம்மாதிரியிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. குழாய் செல்லும் வழியில் உத்திரம் குறுக்கிட்டால் அது திரையிலேயே தெரிந்துவிடும். கட்டிய பின் இடிக்கும் விரயம் குறையும். இது உற்பத்தி சக்திகளின் வளர்ச்சி. தொழிலாளி வர்க்க இயக்கம் இதனை எதிர்ப்பதில்லை. இக்கணக்கு யார் கையில் இருக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதே அதன் கேள்வி.

வீடு வாங்குவோருக்கு 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஓர் உரிமையை வழங்கியுள்ளது. பதிவு செய்யப்பட்ட திட்டத்தின் விவரங்களை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் நிறுவனம் புதுப்பிக்க வேண்டும். இது நியாயமானதே. ஆனால் அதே கட்டடத்தைத் தன் கைகளால் எழுப்பியவர், தாம் அங்கு எத்தனை நாள் உழைத்தார் என்பதைக் காண்பதற்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

இது சிறிய குறையன்று. 1996 ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தவாறே, நலவாரியத்தில் பதிவு பெற முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். விபத்து உதவி, மகப்பேறு உதவி, ஓய்வூதியம் அனைத்தும் அப்பதிவைச் சார்ந்தவை. மால்டாவிலிருந்து பெங்களூருக்கு வரும் ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். நவீனமான பணியிடமாக இருந்தால், வாயிலில் உள்ள கருவி அன்றாடம் அவரது முகத்தையோ விரல் ரேகையையோ பதிவு செய்கிறது. சிமெண்டில் ரேகை தேய்ந்து கருவி அடையாளம் காணாவிட்டால், அன்றைய வருகையே கேள்விக்குள்ளாகிறது. இத்தனை துல்லியமாக எண்ணப்பட்ட அவரே 90 நாள் சான்று கேட்கும்போது, மேஸ்திரி துணை ஒப்பந்ததாரரைக் காட்டுகிறார். அவர் ஒப்பந்ததாரரைக் காட்டுகிறார். அடுத்த வேலைக்கு ஹைதராபாத் சென்றால் அங்கு வேறு மாநில வாரியம்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ் வரியாக வாரியங்களுக்குச் சேர்கிறது. 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலிக்கப்பட்டும், ஏறத்தாழ 9,500 கோடி மட்டுமே தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட்டதை 2018 மார்ச் 19 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2020 மார்ச் 24 அன்று, பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்ட அதே நாளில், இந்நிதியிலிருந்து தொழிலாளர்களின் வங்கிக் கணக்கில் பணம் செலுத்துமாறு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பதிவு பெறாதவர்களுக்கு அது எட்டவில்லை. நிதி இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளம் 12 இலக்க எண்ணை அளிக்கிறது. அந்த எண் தொழிலாளி யார் என்பதைச் சொல்கிறது. எந்தப் பணியிடத்தில் எத்தனை நாள் உழைத்தார் என்பதைச் சொல்வதில்லை. மறுபுறம், 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செஸ் வரியை முதலாளி தாமே மதிப்பிட்டுச் செலுத்த வழி செய்கிறது. கட்டுமானச் செலவை நுணுக்கமாகக் கணக்கிடும் கணினி நிறுவனத்திடம் இருக்க, அரசோ முதலாளியின் வாய்மொழியை ஏற்கத் தயாராகிறது!

எனவே தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. வாயில் கருவியின் வருகைப் பதிவு, தொழிலாளியின் கைபேசிக்கு அவரது மொழியிலேயே அன்றாடம் வர வேண்டும். அப்பதிவையே 90 நாள் சான்றாக எல்லா மாநில வாரியங்களும் ஏற்க வேண்டும். கருவி பழுதானால் கையெழுத்துப் பதிவு செல்ல வேண்டும். எந்தப் பதிவையும் தொழிலாளிக்குத் தெரியாமல் அழிக்கக் கூடாது. நிறுவனத்தின் கணினிக் கணக்கோடு ஒப்பிட்டே செஸ் வரி மதிப்பிடப்பட வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு பணியிடக் கிளையும் தன் உறுப்பினர்களின் வேலை நாட்களைத் தானே குறித்து வைப்பது உடனடிக் கடமையாகும். முதலாளியிடம் கணக்கு இருக்கிறது. அதைக் கேட்கும் தொழிலாளியிடமும் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும்.