குழந்தைகள் அமானிதம்
(கான்சாபுரம் தாய்மார்கள் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சில வீடுகளில் இன்னும் "தடுப்பூசி வேண்டாம்" என்கிறார்கள். காய்ச்சல் வருமே என்ற பயம் ஒரு பக்கம்; வாட்ஸ்அப் செய்தி மறுபக்கம். அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஐ.நா. சபை 1946இல் தொடங்கியது யூனிசெஃப். உலக சுகாதார நிறுவனம், ரோட்டரி, நம் அரசு ஆகியவற்றோடு சேர்ந்து அது போலியோவை எதிர்த்தது. உத்தரப் பிரதேசத்தில், சொட்டு மருந்து குடித்தால் பிள்ளைப்பேறு இருக்காது என்ற வதந்தியை நம்பி நம் சமுதாயத்தில் பலர் கதவடைத்தார்கள். முடங்கியவை நம் பிள்ளைகளின் கால்கள்தாம். பிறகு இமாம்கள் பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். அலிகர், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்கள் துணை நின்றன. கதவுகள் திறந்தன. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததோடு இயற்கையாகப் பரவும் போலியோ இந்தியாவில் நின்றது. 2014 மார்ச் 27இல் அதற்குச் சான்றும் கிடைத்தது.

2017இல் தட்டம்மை - ரூபெல்லா ஊசியின்போது தமிழகத்திலும் அதே போன்ற வதந்திகள் வந்தன. ஏமாற வேண்டாம்.

பிறந்ததும், 6, 10, 14 வாரங்களிலும், 9ஆம் மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் தடுப்பூசி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். தணியாவிட்டால் செவிலியரிடம் காட்டுங்கள். கூலி வேலையை விட்டு வர முடியாத தாய்மார்கள் எங்களிடம் சொல்லுங்கள். பாட்டியோடு பிள்ளையை அழைத்துப்போய் வருகிறோம்.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.