ஒரே வோல்ட், வேறு அளவு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களில் விடியுமுன் ரப்பர் மரம் சீவக் கிளம்பியவர்களுக்கு டார்ச்லைட்டின் தடித்த பேட்டரி நன்றாகத் தெரியும். இன்று ஈப்போ கடைகளிலோ எத்தனை அளவுகள்!

சுவர்க் கடிகாரம் டபுள் ஏ கேட்கிறது. வீட்டில் இருப்பதோ டிரிபிள் ஏ. பயப்பட வேண்டாம், சாதாரண அல்கலைன் என்றால் இரண்டுமே 1.5 வோல்ட். டிரிபிள் ஏ மெலிந்தது, நீளமும் 6 மில்லிமீட்டர் குறைவு. ஸ்பிரிங் பக்கம் அலுமினியத் தாளை இறுக உருட்டி வைத்தால் கடிகாரம் ஓடும். ஆனால் சேமித்துள்ள மின்சாரம் பாதிக்கும் குறைவு, சீக்கிரம் தீரும். அவசரத்துக்கு மட்டும் சரி.

உண்மையான ஆபத்து வேறு. 14500 என்று எழுதிய லித்தியம் பேட்டரி டபுள் ஏ அளவிலேயே இருக்கும், அதுவோ 3.7 வோல்ட். பொருளையே கருக்கிவிடலாம். போடுமுன் வோல்ட் எண்ணைப் படியுங்கள்.